கல்லைச் சுற்றி வந்த நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவர் வீட்டார் கல்யாணத்துக்கு முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள். கால் அதைவிட நீளம் என்பது யாருக்கும் தெரியாது. அது தெரியவர, நாங்கள் சிட்னிக்கு வந்து இரண்டு வருஷம் ஆனது.

எழுபதுகளின் பின்பாதி அது. சிட்னிப் புறநகரான லிட்கமில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இரண்டு அறை ஃபிளாட்டில் இருந்தோம். என் கணவருக்கு நகரசபை ஒன்றில் வரைபடம் போடும் வேலை. எந்த நகரசபை என்று சொல்லப்போவதில்லை. ஊரில் இன்ஜினியராக இருந்த மனுசனை இங்கே ஆறு மாதத் தவணைக்கு, அதுவும் 'பார்க்கலாம்' என்ற பேச்சில் எடுத்திருந்தார்கள். ஆறு மாதம் முடிய, நிரந்தரமாக்குவதா, போய் வா என்பதா என்று மேலதிகாரி சொல்வார். அவருக்கு அடர்த்தியான சிவப்பு மீசை. வீட்டில் நாங்கள் அவரைச் சிவப்பு மீசை என்றுதான் சொல்லுவோம். அந்த அலுவலகத்தில் கறுப்பு நிறத்தில் இருந்தவர் என் கணவர் ஒருவர்தான். அதனால் அவர் அங்கே உரக்கச் சிரிக்கவும் மாட்டார், கேட்காமல் ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். வீட்டுக்கு வந்தும் அதே பழக்கம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த நகரசபை ஒரு ஜப்பானியத் தோட்டம் கட்டியது. கியோட்டோ நகரில் பல நூறு வருஷமாக இருக்கும் ஒரு கோயிலின் தோட்டத்தை அப்படியே பார்த்துச் செய்தது. அந்தக் கோயிலில் தோட்டம் பராமரிக்கிற பெரியவரே வந்து, பக்கத்திலிருந்து கல்லுக் கல்லாக வைத்துக் கொடுத்தார். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் ஓட நிலத்துக்கடியில் குழாய் வேண்டும். அந்த வரைபடம் என் கணவருடையது. திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. ஆறு மாதம் முடிய அப்போது ஒரு வாரம்தான் பாக்கி.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் நான் கேட்டேன்.

"கோயில் தோட்டம் எண்டால் உள்ளுக்கு சாமி ஆர்?"

"சாமி இல்லையப்பா. கல்லும் வெள்ளை மண்ணும்தான். வராந்தாவில இருந்து பாக்கிறது."

"பாத்திட்டு?"

"பாத்திட்டு வாறதுதான். நீர் அங்க வந்து ஒண்டும் கதைக்காதையும், என்ன?"

ஓம் என்றேன். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். அங்கே அவரைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறக்கவே இல்லை.

அந்த நாளில் சிட்னியில் எங்களுக்குப் போக ஒரு கோயில் கிடையாது. குசினி அலுமாரியில் மூன்று படம், ஒரு ஊதுபத்தி, அவ்வளவுதான். ஆகவே சாமி இல்லை என்று சொன்னாலும் கோயில் என்ற பேர் எனக்குப் போதுமாக இருந்தது. விடிய எழுந்து தலைக்குக் குளித்து, மாம்பழ நிறத்தில் இருந்த ஒரே நல்ல பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். விழா மூன்று மணிக்கு. வியாழக்கிழமை பெய்த மழைக்குத் தண்ணீர் சரியாக ஓடியதா என்று பார்க்க வேண்டும் என்று என் கணவர் ஒரு மணிக்கே கூட்டிக்கொண்டு போனார். ஜப்பானியப் பெரியவரை நகரசபையார் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். தோட்டக்காரர் இருவர் மரத்தடியில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். என் கணவர் குழாய் மூடி ஒன்றைத் திறந்து பார்க்கச் சுவருக்குப் பின்னால் போனார். நான் மர வராந்தாவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியே நின்றேன்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கோயில் வீதி அளவில் ஒரு முற்றம். மண் என்று அவர் சொன்னது அரிசிமணி அளவு வெள்ளைக் குறுணிக்கல். அதில் நேர்நேராகக் கோடு இழுத்திருந்தது. அங்கங்கே படுத்த மாதிரிக் கிடைக்கல். நடுவில் ஒரு கல் மட்டும் நிமிர்ந்து, கறுத்து, அடியில் பாசி பிடித்து நின்றது. அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு. கை தானாகக் குவிந்தது.

சிரிக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மதிலைச் சுற்றி இருக்கும் வெளிவீதி முழுக்க மணல்தான். கும்பிட்டவர்கள் அந்த மணலில் வெறுங்காலோடு மூன்று முறை சுற்றி வருவோம். இங்கே நிமிர்ந்த கல், அதைச் சுற்றி வெள்ளை மணல், அதில் வட்டமாகப் பாதை. வருகிறவர்கள் சுற்றட்டும் என்றுதான் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்கும் முன்பே இறங்கிவிட்டேன்.

குறுணிக்கல் உள்ளங்காலில் குத்தியது. அதுவும் நல்லதுக்கே என்று நடந்தேன். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். இந்த மனுசனுடைய வேலை நிரந்தரமாக வேண்டும், நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகக்கூடாது. கண்ணை மூடி மூடி அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது சுற்றின் பாதியில் பின்னால் ஒரு கத்தல் கேட்டது.

திரும்பினால் சிவப்பு மீசை வராந்தாவில் நிற்கிறார், முகமும் மீசை நிறம். தோட்டக்காரர் ஒருவர் என்னைப் பிடித்து இழுத்துவர பூட்ஸ் காலோடு ஓடிவந்தார். வரும்போது எட்டுப் பள்ளம், என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது எட்டுப் பள்ளம். நான் அப்போதுதான் தரையைப் பார்த்தேன். என் காலடி கல்லைச் சுற்றிச் சுற்றி, மாடு கட்டி நெல்லுச் சூடு மிதித்த களம் மாதிரிக் கிடந்தது.

"இந்தப் பெண் யார்? யாருடைய மனைவி?" என்று சிவப்பு மீசை ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கணவர் சுவர் மூலையில் வந்து நின்றார், கையில் சுருட்டிய வரைபடம். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வாய் திறக்கவில்லை. தோட்டக்காரர்தான், "இவரோடு வந்தவர்" என்று அவரைக் கை காட்டினார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் வெகுநாள் மறக்கவில்லை. அவருக்குப் பயம் என்று தெரியும். ஏன் பயம் என்பதும் தெரியும், அந்தப் பயத்துக்காகத்தானே நானே கல்லைச் சுற்றினேன். தெரிந்தும் நெஞ்சு கொதித்தது.

ஜப்பானியப் பெரியவர் வர இரண்டு மணி நேரம்கூட இல்லை. தோட்டக்காரர்கள் மரப்பல் வைத்த நீண்ட வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் கல்லைச் சுற்றி ஒரு வளையம் இழுத்தார். நன்றாகத்தான் இழுத்தார். பிறகு வெளியே வர வேண்டுமே, வளையத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு வந்தார். அதை அழிக்க மற்றவர் போனார். அரைமணி நேரத்தில் என் காலடி போய், முற்றம் முழுக்கப் பூட்ஸ் தடம். சிவப்பு மீசை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

முற்றம் கூட்டுவது எனக்குப் பிரியமான வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். ஐந்து பெண்கள் இருந்த எங்கள் வீட்டில் அது தண்டனை. வாய் நீளம் காரணமாக எனக்கு அடிக்கடி கிடைத்தது. மணல் முற்றம் கூட்டி முடித்தால் ஈர்க்கு விளக்குமாற்றின் வரி மட்டும்தான் தெரிய வேண்டும், கூட்டியவளின் காலடி தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே விளக்குமாற்றைத் தொடுமுன் எங்கே போய் முடிப்பது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முதுகு அந்தப் பக்கம் இருக்க, பின்னால் பின்னால் நடந்து, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு வர வேண்டும். இது தெரியாத இரண்டு ஆம்பிளைகள் அங்கே உழுதுகொண்டிருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, அந்த வாரியை எனக்கு வாங்கித் தாங்கோ" என்றேன்.

"நீர் செய்தது காணும். பேசாமல் நில்லும்."

"இவை சப்பாத்தோட நிண்டு கீறினால் நாளைக்கு விடிஞ்சாலும் முடியாது. வாங்கித் தாறீங்களா, நான் போய்க் கேக்கட்டா?"

நான் போய்க் கேட்டால் என் இங்கிலீசு எந்தத் திசையில் போகும் என்று அவருக்குத் தெரியும். அவரே போய்க் கேட்டார். சிவப்பு மீசை என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், இனிக் கெட என்ன இருக்கிறது என்ற மாதிரித் தலையாட்டினார்.

பட்டுச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வாரி நல்ல பாரம். முதலில் பல்லுத் துள்ளியது, கோடு கோணியது. பிடியைத் தாழ்த்தி, உடம்புப் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்ததும் அது சொன்னபடி கேட்டது. கல்லை ஒட்டி முதல் வளையம், பின்னால் ஓரடி, அடுத்த வளையம். ஓரத்துக் கிடைக்கல்லுகளைச் சுற்றி ஜப்பானியப் பெரியவர் போட்ட வளையங்கள் அழியாமல் இருந்தன, அவற்றைப் பார்த்து அகலம் பிடித்தேன். பிறகு தூர மூலைக்குப் போய், அங்கிருந்து நேர்கோடு, வரிசை வரிசையாக வராந்தாப் பக்கம். முதுகு விண்விண் என்றது. சாண்ட்விச் தின்றவர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு, பின்பக்கமாகவே வராந்தாப் படியில் ஏறினேன். முற்றத்தில் ஒரு குருவி நடந்த தடம்கூட இல்லை. பெருமையாக இருந்ததா என்றால், இருந்தது. என் அக்காமாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். சிவப்பு மீசை என் கணவரைக் கிட்ட அழைத்துச் சொன்னதை நானும் கேட்டேன்.

"இங்கே ஒன்றும் நடக்கவில்லை. உன் மனைவி இறங்கவும் இல்லை, வாரியைத் தொடவும் இல்லை. புரிகிறதா? திங்கட்கிழமை உன்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாதபடி செய்துவிடாதே."

"புரிகிறது" என்றார் என் கணவர்.

விருந்தினர் வந்தார்கள். ஐம்பது அறுபது பேர் வராந்தாவில் நெருக்கி நின்றார்கள். பேச்சுகள் முடிந்தன. ஜப்பானியப் பெரியவர் சாம்பல் நிறச் சட்டையில், குள்ளமாக, யாரோடும் பேசாமல் நடுக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும்.

"இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

"யாரும் தொடவில்லை ஐயா, நீங்கள் விட்டபடியே இருக்கிறது" என்றார் சிவப்பு மீசை.

"என் வளையம் ஐந்து," என்றார் பெரியவர். விரலால் எண்ணிக் காட்டினார். "இங்கே ஆறு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மற்றக் கல்லுகளுக்கும் ஐந்துதான். எனக்குக் கை ஓடிய வேகத்தில் எண்ண மறந்துபோயிற்று. சிவப்பு மீசை தோட்டக்காரரைப் பார்த்தார், தோட்டக்காரர் தன் பூட்ஸைப் பார்த்தார். எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் நின்றால் அந்த நிமிஷம் தாண்டிப் போயிருக்கும், யாரோ ஒரு தோட்டக்காரன் கை வைத்துவிட்டான் என்று முடிந்திருக்கும். என் கணவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்பதில் அவரை வெல்ல அந்தக் கூட்டத்தில் ஆளில்லை.

"என் மனைவி" என்று ஒரு குரல் கேட்டது.

அவருடைய குரல்தான். உரத்த குரல். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது எனக்கே தெரியாது. கூட்டம் திரும்பியது. அவர் காதெல்லாம் வியர்த்து, வரைபடத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலில் அவர்தான் மிதித்தார். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கல்லைக் கண்டால் சுற்றி வந்து கும்பிடுவோம். பிறகு அவர்தான் திருத்தினார். தனியே. ஒருவரும் உதவி செய்யவில்லை. இதோ, இவர்தான் என் மனைவி."

பெரியவர் என்னைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல கை. ஆறும் இருக்கட்டும், அழிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம் செய்தார். நான் கும்பிட்டேன். யாரோ கை தட்ட எல்லோரும் தட்டினார்கள். சிவப்பு மீசையும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் வரைபடத்தை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். "வேலை போச்சுப் போலப்பா" என்றார். "போனால் போகட்டும்" என்றேன். அதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. வியாழன் மாலை, கையெழுத்தோடு வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், நன்றாகவே இருந்தோம். ஆனால் அந்தக் கடிதம் வராமலே போயிருந்தாலும், அத்தனை பேருக்கு முன்னால் என்னை என் மனைவி என்று சொன்ன அந்த மனுசனோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் நான் தலை நிமிர்ந்து போயிருப்பேன்.