இரும்பு மோதிரத்தின் மேல் ஒரு கண்

சண்டை எதனால் வந்தது என்று வியன்னாவில் யாரைக் கேட்டாலும், சரயேவோவில் பட்டத்து இளவரசரைச் சுட்டதால் என்பார்கள். எங்கள் கட்டிடத்தில் துணி வெளுக்கும் ஹெர்மினே மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"துப்பாக்கி வெறும் சாக்கு. ஜெர்மன்காரனுக்கு இங்கிலீஷ்காரன் கப்பலைப் பாத்தா வயித்தெரிச்சல். நமக்கு செர்பியா மேல, ரஷ்யாக்காரனுக்கு நம்ம மேல. பக்கத்து வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்குற புத்தி. ராஜான்னா அது இல்லாமப் போயிடுமா?" என்பாள்.

அவளுக்குத் தெரியாதா! பொறாமையில் அவளை மிஞ்ச ஓட்டாக்ரிங் பேட்டை முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. அதுவும் ஊரார் எல்லோர் மேலும் இல்லை. அடுத்த கதவு ஆடல்ஹைட் மேல் மட்டும்தான். ஆடல்ஹைட்டின் கணவர் ட்ராம் கண்டக்டர். சட்டையில் பளபளக்கும் பொத்தான்கள். ஹெர்மினேயின் கணவன் வென்ஸல் பித்தளைப் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன். சட்டை முழுக்க எண்ணெய். மாடிக்கு ஒரே தண்ணீர்க் குழாய், அதுவும் தாழ்வாரத்தில். தினமும் வாளியோடு ஆடல்ஹைட் முகத்தில் விழித்தாக வேண்டும். எரியாமல் என்ன செய்யும்?

ஆகஸ்டில் இரண்டு ஆண்களும் ரயிலேறினார்கள். துப்பாக்கி முனையில் பூ, மரத்து இலை உதிர்வதற்குள் திரும்பிவிடுவோம் என்ற பேச்சு. வென்ஸல் பீரங்கிப் படையில் சேர்ந்தான். அவர்கள் போன கையோடு ஊரில் ஓர் அறிவிப்பு வந்தது: நாட்டுக்காகத் தங்க மோதிரத்தைக் கொடுங்கள், பதிலுக்கு இரும்பு மோதிரம் தருவோம். பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஹெர்மினேயும் கல்யாண மோதிரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வேறு யார், ஆடல்ஹைட்தான்.

மேசையில் உட்கார்ந்திருந்த பொற்கொல்லர் மோதிரத்தை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார்.

"இது பித்தளைம்மா. நீங்களே வச்சுக்குங்க."

விரலில் பச்சை படிவது துணி வெளுக்கும் சோடாத் தண்ணீரால் என்று அத்தனை வருஷமும் நம்பியிருந்தாள் பாவம். அன்றைக்கு நடந்ததைப் பற்றி வென்ஸலுக்கு எழுதிய கடிதங்களில் அவள் மூச்சு விடவில்லை. ஆடல்ஹைட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குழாயடியில், நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரும்பு மோதிரக் கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்பாள்.

"ஏன் ஹெர்மினே, நீ இன்னும் கொடுக்கலையா?"

"அவரு கழட்டக் கூடாதுன்னுட்டாரு."

"ஆமாமா. அப்பேர்ப்பட்ட தங்கமாச்சே!"

தங்கத்துக்குப் பொறாமைப்பட்டவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இரும்புக்கு வயிறெரிந்து சோறு இறங்காமல் கிடந்தவள் இவள் ஒருத்திதான். என்றைக்காவது ஒரு நாள் அந்த ஆடல்ஹைட் தன்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டாள். மாதாவுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

இலை உதிர்ந்தது, மறுபடி துளிர்த்தது. ரஷ்யாவை ஒட்டிய கலீசியாவில் நம் படை ஓடியது, பிறகு துரத்தியது. கூட்டாளி என்று இருந்த இத்தாலிக்காரனும் எதிரியாகி, சண்டை எல்லை மலைகளுக்கும் பரவிற்று. குண்டுக்கு உறை செய்யப் பித்தளை போதவில்லை என்று வண்டியோடு வீடு வீடாக வந்தார்கள். கதவுக் கைப்பிடி, உரல், பாத்திரம் எல்லாம் போயிற்று. ஹெர்மினே விரலிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கி வண்டியில் வீசினாள்.

"அன்னிக்கு வேணாம்னீங்களே, இப்ப பிடிக்குதா?"

வண்டிக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பித்தளைக்குப் பதிலாக அவள் விரலுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கிழச் சக்கரவர்த்தி கண்ணை மூடிய குளிர்காலம். ரொட்டியில்கூட மாவுக்குப் பதில் கோசுக்கிழங்கு. ட்ராம் கண்டக்டர் அந்தக் கோடையிலேயே ரஷ்யாக்காரன் நம் அணியை உடைத்துக்கொண்டு வந்த இடத்தில் செத்துப்போயிருந்தார். ஆடல்ஹைட்டின் மகள் இருமிக்கொண்டு கிடந்தாள். ஹெர்மினேக்கோ கிராமத்தில் தங்கை இருந்தாள். பாவாடைக்குள் கட்டி மறைத்து உருளைக்கிழங்கும் பன்றிக் கொழுப்பும் கொண்டுவந்தாள். கொழுப்பு உருகும் வாசனைக்குக் கதவு தட்டப்பட்டது.

"குழந்தைக்குக் கொஞ்சம் கொடேன், ஹெர்மினே."

"மோதிரத்தைக் கொடுங்க."

ஆடல்ஹைட் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. மெலிந்த விரலிலிருந்து மோதிரம் தானாகவே நழுவி வந்தது. அன்றைக்கு ஹெர்மினேக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் குழாயடியில் தானும் தங்கத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஆடல்ஹைட் தன்னுடையது சாக்கடையில் விழுந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

சாம்ராஜ்யம் கவிழ்ந்த நவம்பரில் வென்ஸல் வந்து சேர்ந்தான். பேன், தாடி, எலும்பு. அவள் வெந்நீர் வைத்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். பிடித்த கை அவள் விரலில் இருந்த இரும்பு மோதிரத்தில் பட்டு நின்றது.

"என் மோதிரம் எங்க?"

"தங்கத்தைக் கொடுத்தா இரும்பு கொடுத்தாங்கல்ல..." பழகிப்போன பொய் வாயில் தானாக வந்துவிட்டது.

வென்ஸல் கையை உதறினான்.

"தங்கமா? நான் போட்டது பித்தளைடி! பட்டறையில விழுந்த துண்டை எடுத்து நானே கடைஞ்சது. அதுக்கு எவன் இரும்பு கொடுப்பான்? உனக்குத் தங்கம் போட்டவன் எவன், அதைச் சொல்லு!"

அவள் உண்மையைக் கொட்டினாள். உரைகல், வண்டி, கொழுப்பு, எல்லாவற்றையும்.

"கதை விடாதே! புருஷன் செத்தவ அந்த மோதிரத்தைக் கிழங்குக்கு விப்பாளா?" அவன் குரல் கட்டிடத்தையே உலுக்கியது. கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு வந்து நின்றுகொண்டு கத்தினான். "எவன்டி அவன்?"

அக்கம்பக்கத்துத் தலைகள் எல்லாம் வெளியே வந்தன. இத்தனை பேருக்கு நடுவே அவளைக் காப்பாற்றக்கூடியவள் ஒருத்திதான். அவள் எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? அடுத்த கதவு திறந்தது.

"அது என் மோதிரம் தம்பி," என்றாள் ஆடல்ஹைட். "சாக்கடையில விழலை. நான்தான் கிழங்குக்குக் கொடுத்தேன். உங்க பொண்டாட்டி எந்தத் தப்பும் பண்ணலை."

வென்ஸல் வாயை மூடினான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கத்துங்க. ஒரு ஆம்பளை பொண்டாட்டிய சந்தேகப்பட்டுக் கத்துறான். சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது. எனக்காகக் கத்த யாரு வரப்போறா?"

ஹெர்மினே மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். ஆடல்ஹைட் அதைப் பார்த்தாள்.

"சாப்பிட்ட கிழங்கைத் திருப்பித் தர முடியாதும்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதா வேண்டுதலை நிறைவேற்றிவிட்டாள். ஹெர்மினே அந்தத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வென்ஸல் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை.

இருட்டுவதற்குள் மோதிரத்தை ஆடல்ஹைட் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். விடிந்து பார்த்தால் அது குழாய்த் தொட்டியின் விளிம்பில் கிடந்தது. அதற்குப் பிறகு அதை இருவரும் தொடவில்லை. துருப்பிடித்துத் தொட்டியோடு ஒட்டிப்போயிற்று. அதை மறைக்காமல் வாளியை வைத்துத் தண்ணீர் பிடிக்க எங்கள் மாடியில் எல்லோரும் பழகிக்கொண்டோம்.