முள்ளைப் பார்த்தே வண்டி ஓட்டியவர்

சுக்ரி ஹம்டான் ஈப்போவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் அந்தக் கடையில் பிரேம் எடுத்துக் காட்டுகிறவள். கடையைப் பூட்டிவிட்டுக் கார்வரை போனவர் திரும்பி வந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். மழை வரும்போல் இருந்தால் மதியமே மொட்டை மாடித் துணியை எடுக்கச் சொல்லி மனைவிக்குப் போன் பண்ணுவார். அப்படிப்பட்ட மனிதர்தான் டர்போ வைத்த ஒரு பழைய ஜப்பான் ஹேட்ச்பேக் காரை வாங்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார்.

படிக்கிற காலத்தில் விடுதிச் சுவரில் அந்த வண்டியின் படத்தை ஒட்டி வைத்திருந்தாராம். வெள்ளை நிறம், ஐந்து கதவு, கையால் கியர் மாற்றுகிற வண்டி. இவருக்கு முன்னால் யார் யார் ஓட்டினார்கள், எப்படி ஓட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். முதலில் காற்று வடிகட்டியை மாற்றினார். பிறகு புகைக்குழாயை அகலமாகப் போட்டார். அடுத்தது எஞ்சினின் புரோகிராமை மாற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவின் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். அதற்காக மெங்லெம்புவில் இருக்கும் கியாட்டின் பட்டறைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அன்று என் ஸ்கூட்டர் பழுதாகியிருந்ததால் போகிற வழியில் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கியாட் வாயில் சிகரெட்டோடு எஞ்சினை எட்டிப் பார்த்தான். "பாஸ், பழைய வண்டி. ஏத்துறதுக்கு முன்னால கம்ப்ரெஷன் பாத்துருவோம். எந்த சிலிண்டர் எவ்ளோ தாங்குதுன்னு தெரிஞ்சிடும். பைப், கிளிப்பெல்லாமும் ஒரு பார்வை பாத்துரலாம்."

"வேணாம் கியாட். நல்லாதான ஓடுது? இப்ப எதுக்கு அதெல்லாம் கழட்டிக்கிட்டு?"

கியாட் வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் வெளியே இன்னும் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. "சரி பாஸ், உங்க வண்டி, உங்க இஷ்டம்லா" என்று மடிக்கணினியைத் திறந்தான்.

அன்று என்னை இறக்கிவிடும் வழியில் அவர் ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. சுக்ரி சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

ராத்திரி இன்டர்நெட்டில் உட்கார்ந்து, யார் யாருக்கு எஞ்சின் எப்படி எப்படிப் போனது என்று படிக்க ஆரம்பித்தார். பிஸ்டன் உருகியது, டர்போ உடைந்து துண்டு உள்ளே போனது, கிளட்ச் எரிந்தது. ஊரில் நன்றாக ஓடுகிற வண்டிக்காரன் எவனும் அங்கே வந்து எழுதுவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. டேஷ்போர்டில் வட்டமாக மூன்று மீட்டர்கள் முளைத்தன. ஒன்று டர்போ அழுத்தத்துக்கு, ஒன்று ஆயில் சூட்டுக்கு, இன்னொன்று எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உயர்ந்த ரகப் பெட்ரோல் தீர்ந்துபோன நிலையத்தில் சாதாரணப் பெட்ரோல் போட மாட்டார். முள் சிவப்பைத் தொட்டாலும் அடுத்த நிலையம் தேடிப் போவார். வீட்டுக்கு வந்ததும் டர்போ ஆறட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு வண்டியில் உட்கார வைத்தார். "சரளா, கவனமா கேளு. டிக் டிக்னு ஒரு சத்தம் வருதா?"

"வருது பாஸ்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கேர்ந்து?"

"சிக்னல் லைட்டு பாஸ். போட்டுட்டு அணைக்காம விட்டுட்டீங்க."

அவர் மனைவி மஸ்னா அப்படியே நேர் எதிர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, வாய் சும்மா இருக்காது. கணவரை மலாய் வழக்கப்படி 'பாங்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். "பாங், நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுறீங்களா, முள்ளப் பாத்து ஓட்டுறீங்களா?" என்பாள். அவர் முள்ளையே பார்ப்பார்.

மஸ்னாவின் தம்பிக்குக் கோத்தா பாருவில் கல்யாணம் வைத்தார்கள். சீர்த் தட்டுகளைக் கொண்டுபோக வேண்டும். அலங்கரித்த தட்டுகள் நசுங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று மஸ்னா என்னையும் அழைத்தாள். கெரிக் வழியாக மலை ஏறி இறங்க வேண்டிய பாதை. அவளுடைய சின்னக் காரில் போகலாம் என்றால் அதில் ஏர்கான் வேலை செய்யவில்லை, தட்டிலிருந்த சாக்லேட் உருகிவிடும். டர்போவில்தான் கிளம்பினோம். கெரிக்கில் நாசி லெமாக் சோறு சாப்பிட நிறுத்தியபோது சுக்ரி ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டுப் பொட்டலத்தை மடித்துவிட்டார்.

பண்டிங் ஏரியைத் தாண்டிய பிறகு ஏற்றம் வந்தது. முன்னால் ஒரு மரலாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்துவதற்காக சுக்ரி கியரைக் குறைத்து அழுத்தினார். வண்டி பாய்ந்தது. லாரியைத் தாண்டியதுமே முன்பக்கம் எதுவோ 'பட்' என்று வெடித்த சத்தம். அடுத்து 'உஸ்ஸ்' என்று காற்று சீறியது. வண்டியின் உயிர் போய்விட்டது. அழுத்த முள் அடியில் விழுந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் கறுப்புப் புகை.

ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். இரு பக்கமும் காடு. போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. சாலையோரப் புல்லில் யானைச் சாணம் கிடந்தது. அதில் ஈ மொய்ப்பதைப் பார்த்தால் பழையது மாதிரி தெரியவில்லை.

"போச்சு. எஞ்சின் போச்சு" என்றார் சுக்ரி. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எறங்கிப் பாருங்க பாங்."

"பாத்து என்ன ஆகப் போகுது?"

மஸ்னா அவரை முறைத்துவிட்டுத் தானே இறங்கிப் பானெட்டைத் திறந்தாள். நானும் தட்டை வைத்துவிட்டு ஓடினேன். முன்னால் ஒரு தடித்த ரப்பர் குழாய் தன் இடத்தை விட்டுக் கழன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. டர்போ தள்ளுகிற காற்று அந்த வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகவேண்டும். ஏற்றிய அழுத்தத்தைப் பழைய கிளிப் தாங்கவில்லை.

"பைப்புதான் கழண்டுருக்கு! வாங்க இங்க!" என்று கத்தினாள்.

சுக்ரி வந்தார். குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் ஆயில். அதைப் பார்த்ததும் அப்படியே சாலையோரக் கம்பித் தடுப்பில் உட்கார்ந்துவிட்டார். "டர்போ ஆயில் குடிக்குது. எனக்குத் தெரியும். கியாட் அப்பவே பாக்கலாம்னான். நான்தான் வேணாம்னேன்."

"ஏன் வேணாம்னீங்க?"

"பாத்து ஏதாவது இருந்துட்டா?"

மஸ்னா இடுப்பில் கை வைத்து நின்றாள். "கண்ணு பிரஷர் பாக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற ஆளுங்கள கடையில வெச்சு என்ன திட்டு திட்டுறீங்க? 'பாக்காம விட்டா நோய் போயிடுமா'ன்னு கேட்டு எத்தன பேர அழ வெச்சிருக்கீங்க? நீங்க மட்டும் பாக்க மாட்டீங்களாக்கும்."

பின்னால் வந்த இன்னொரு மரலாரி எங்களைக் கடந்து போனது. ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். உள்ளே காட்டில் எங்கேயோ மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. மூவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம். வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

"பாங், யானை வந்து ஸ்பேனர் குடுக்காது. எந்திரிங்க" என்றாள் மஸ்னா. இப்போது குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

அவர் எழுந்தார். வண்டியில் கிடந்த, லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் தாள் பெட்டியை எடுத்து வந்தார். குழாயின் உள்பக்கத்தையும் அது மாட்டுகிற இடத்தையும் தாள் தாளாகத் துடைத்தார். ஆயில் இருந்தால் மறுபடி வழுக்கும் என்றார். கடையில் கண்ணாடியைத் துடைக்கிற அதே நிதானம். குழாயை நானும் மஸ்னாவும் சேர்ந்து தள்ளினோம். கிளிப்பை முறுக்க அவர் பையிலிருந்த சின்னத் திருப்புளி உதவவில்லை. இருபது சென் காசை வைத்துத் திருகினார், விரல் சிவக்கும்வரை.

"நான் ஓட்டவா?" என்று கேட்டாள் மஸ்னா.

"வேணாம். நானே ஓட்டுறேன்."

மீதி மலையை மெதுவாக ஏறினோம். வாழைத்தார் ஏற்றிய வேன்கூட எங்களை முந்தியது. கோத்தா பாரு போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டுக்குப் புறப்பட எல்லோரும் வாசலில் நின்றார்கள். தட்டுகளை இறக்கிக் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் விருந்தில் மஸ்னாவின் மாமன் மகன்கள் வண்டியைச் சுற்றி நின்று, "எவ்ளோ ஏத்திருக்கீங்க பாங்? செம வண்டிலா!" என்றார்கள். சுக்ரி, "வழியில பைப்பு கழண்டு நின்னோம்டா" என்று சொல்லிவிட்டு நாசி கெராபு சோற்றைக் கை நிறைய எடுத்துச் சாப்பிட்டார்.

ஈப்போ திரும்பியதும் நேராக மெங்லெம்புவுக்குப் போனார். "எல்லாத்தையும் பாரு கியாட்" என்றார். கியாட் ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எண் சொல்லும்போது சுக்ரி என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்று சரியாக இருந்தன. நான்காவது கொஞ்சம் குறைவு, ஓட்டுவதற்குப் பயமில்லை. டர்போவின் தண்டுதான் ஆடியது, அதைக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும்.

"அன்னிக்கே பாத்திருந்தா இவ்ளோ ஏத்தியிருக்க மாட்டேன் பாஸ்" என்றான் கியாட். கையைத் துடைத்துக்கொண்டே, "நானும் விட்டுருக்கக் கூடாது" என்றான்.

டர்போவைச் சரிசெய்து, கிளிப்புகளைப் புதிதாகப் போட்டு, அழுத்தத்தைக் குறைத்தான். மஸ்னாவுக்குத்தான் வருத்தம். "முதுகுல தள்ளுற அந்தத் தள்ளு போச்சே" என்று கொஞ்ச நாள் புலம்பினாள்.

சுக்ரியின் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் முள்ளைப் பார்க்கிறார், இப்போதும் டர்போவை ஆற வைக்கிறார். போன மாதம் கிளட்ச் வழுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். இன்டர்நெட்டில் தேடவில்லை. கடையை என்னிடம் விட்டுவிட்டு மதியமே பட்டறைக்குப் போய்விட்டார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்து, "கிளட்ச்சேதான், தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரை உள்ளே கூப்பிட்டார்.