வெள்ளித் தட்டுக்கு முரண்டு பிடித்த லேசர்

முத்தழகுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. அதையாவது மன்னித்துவிடலாம். மங்கலைக் கண்டாலும் ஆகாது. கடைக்கு வருகிறவரின் மூக்குக்கண்ணாடி மங்கலாக இருந்தால், அதைக் கழற்றி வாங்கி முந்தானையால் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பாள். வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிப் பிழைத்தவர்கள் கிடையாது.

காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் கடை. பாத்திரத்தில் பெயர் போடும் கடை. இந்தப் பக்கத்தில் மகளுக்குச் சீர் கொடுத்தால் ஒரு கரண்டிகூடப் பெயரில்லாமல் வீட்டைவிட்டுப் போகாது. அதுவும் நகரத்தார் ஆச்சிமார் வீட்டுச் சீர் என்றால், பூட்டனார், பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த விலாசம் ஒவ்வொரு சாமானிலும் இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சாமான் பரப்புகிற நாளில் பெண்டுகள் வந்து தூக்கிப் பார்ப்பது பாத்திரத்தை மட்டும் இல்லை, அந்த எழுத்தையும்தான்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து போன வருடம் வரைக்கும் முத்தழகு ஒரு பெரிய பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். அங்கே விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்போதுதான் முழங்கால் மடங்கும். ஒருநாள் கால் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தவள், கதவு, பீரோ செய்யும் தச்சரான தன் கணவர் ஈஸ்வரனிடம், "இனிமே நான் யாரு கடையிலயும் நிக்க மாட்டேங்க" என்றாள். சொன்ன வேகத்தில் நகையை விற்று ஃபைபர் லேசர் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டாள். அடம் என்றால் அப்படி ஓர் அடம்.

மிஷினைப் பொருத்த கோயம்புத்தூரிலிருந்து அருண்பாண்டியன் என்ற டெக்னீஷியன் வந்தார். பெட்டியைத் தட்டிக் காட்டி விளக்கினார். "இதுக்குப் பேரு சோர்ஸுங்க அக்கா. உள்ளே தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி நூலைச் சுருட்டி வெச்சிருக்குதுங்க. கண்ணாடியில இட்டெர்பியம்னு ஓர் அபூர்வ உலோகத்தைத் துளியூண்டு கலந்திருக்காங்க. சின்னச் சின்ன விளக்குக அதுக்கு வெளிச்சத்தை ஊட்டும். அதை வாங்கி அது வெச்சுக்கும். அந்த வழியா ஒரு துளி வெளிச்சம் போச்சுன்னா, வெச்சிருந்ததை எல்லாம் அதுகிட்டக் குடுத்து அனுப்பிரும். நுழையறப்போ துளி, வெளிய வர்றப்போ வெள்ளமுங்க."

"பொறந்த வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பையில ஆளுக்கு ஒரு பை குடுத்துவிடுவாகளே, அது மாதிரியா தம்பி?"

"அதேதானுங்க" என்று அருண்பாண்டியன் சிரித்தார். பிறகு முக்கியமான ஒரு விஷயத்தைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து முத்தழகு அவருடைய டீ கிளாஸின் அடியில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

கடை நன்றாகவே ஓடியது. எவர்சில்வர் குடம், பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை என்று எல்லாவற்றிலும் எழுத்து அச்சுப் போல விழுந்தது. வேலை செய்யும்போது பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, கால் பெடலை அமுக்குவாள். பார்க்கவே ராணி மாதிரி இருக்கும். ஈஸ்வரன் அப்படித்தான் சொல்வார், அவள் காதில் விழாமல்.

அப்போதுதான் கண்டனூர் சரஸ்வதி ஆச்சி வந்தார். மகள் சௌபர்ணிகாவுக்குக் கல்யாணம். குடும்பமே சென்னையில் இருக்கிறது, கல்யாணத்துக்காகப் பெரிய வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்திருந்தார்கள். மற்ற சாமானெல்லாம் ஏற்கெனவே முத்தழகிடம் வந்து பெயர் போட்டுப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது வெள்ளி. மறுநாள் காலையில் சாமான் பரப்பு. வெள்ளியைக் கண்ணைவிட்டு அகல விடக்கூடாது என்று ஆச்சியே காரில் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முத்தழகுக்கு முதல் வெள்ளி வேலை அது. ஆனாலும் வாய் வழக்கம்போல் ஓயவில்லை.

டம்ளர்களில் வேலை சுத்தமாக முடிந்தது. அடுத்து சாப்பாட்டுத் தட்டு. நடுவில் வைத்துப் பெடலை அமுக்கினாள். 'கீச்' என்று ஆரம்பித்த சத்தம் பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்து, மிஷின் கூப்பாடு போட்டது. தட்டில் கடுகளவு ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது.

"தூசி இருந்துருக்கும் ஆச்சி" என்றாள். தட்டை எடுத்து, மென்துணியால் நன்றாகத் தேய்த்தாள். மறுபடி அமுக்கினாள், மறுபடி கூப்பாடு. இன்னொரு தட்டை எடுத்து, அதை இன்னும் பளபளப்பாகத் தேய்த்து வைத்தாள். இந்தத் தடவை மிஷின் தொட்ட மாத்திரத்திலேயே அலறியது. அவள் தேய்க்கத் தேய்க்க அதற்குக் கோபம் கூடிக்கொண்டே போனது.

சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஓடிவந்த ஈஸ்வரன் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டார். "கண்ணு பட்டிருச்சு. ஊரெல்லாம் இந்த மிசினத்தான் பாக்குது."

"நீங்க சும்மா இருக்கீகளா, இல்ல பழத்தப் பிழிஞ்சு உங்க வாயில ஊத்தவா?" என்றாள் முத்தழகு. ஆனாலும் பழத்தை எடுத்து எறியவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான்.

அருண்பாண்டியனுக்குப் போன் போட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வியே, "தட்டு பளபளன்னு இருக்குதுங்களா?" என்பதுதான்.

"முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கிரலாம் தம்பி" என்றாள் பெருமையாக.

எதிர்முனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அக்கா, அன்னைக்கே சொன்னேனுங்களே! டம்ளரு வளைவு, வெளிச்சம் பக்கவாட்டுல செதறிப் போயிரும். தட்டு சமதளம். கண்ணாடி மாதிரி நேரா திருப்பி அனுப்பிருமுங்க. திரும்பி வர்ற வெளிச்சம் அதே கண்ணாடி நூலுக்குள்ளதான் நுழையும். அந்த இட்டெர்பியத்துக்குப் போறது யாரு, வர்றது யாருன்னு தெரியாது. வர்றதையும் வளத்து விட்டுரும். வளந்தது நேராப் போயி பொறந்த எடத்துலயே அடிக்குமுங்க. அலாரம் அடிச்சு நின்னுச்சே, அது உங்க நல்ல நேரம். சோர்ஸ் எரிஞ்சுதுன்னா மிஷினே போச்சுங்க."

முத்தழகு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சோர்ஸ் போனால் கடை போனது. கடை போனால் திரும்பவும் அந்தப் பாத்திரக் கடை, அந்தக் கல்தரை. நினைக்கும்போதே முழங்கால் வலித்தது.

இரண்டு காரியம் செய்யச் சொன்னார் அருண்பாண்டியன். ஒன்று, தட்டைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். அது மட்டும் போதாது, பளபளப்பை மங்கச் செய்யும் ஸ்ப்ரே ஒன்றையும் அடிக்க வேண்டும். ஸ்ப்ரே கோயம்புத்தூரில் இருக்கிறது, அனுப்பினால் நாளை சாயங்காலம் வந்துவிடும்.

"நாளைக்குக் காலையில பரப்பணுமே" என்றார் ஆச்சி. "அதோட கல்யாண வெள்ளியில கண்ட மருந்தையும் அடிக்கவா? வேண்டாம்த்தா." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "அழகு, இப்பவே மதுரைக்குக் காருல கொண்டுபோயிப் பேரு போட்டுக்கிறேன். ஒன் மிசினப் போக்கிக்கிராத. நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் முத்தழகை அதிகமாகச் சுட்டது. மதுரைக்குப் போன வெள்ளி அடுத்த கல்யாணத்துக்கும் மதுரைக்குத்தான் போகும். வெள்ளியின் பின்னாலேயே பித்தளையும் எவர்சில்வரும் போகும். பேசாமல் இருந்தால் மிஷின் இன்று பிழைக்கும், கடை மெல்லச் சாகும்.

"இல்ல ஆச்சி, நான் பாக்குறேன்" என்றாள்.

ஈஸ்வரன் ஒரு பலகைத் துண்டைச் சீவி, தட்டின் ஒரு பக்கத்துக்குக் கீழே செருகினார். தட்டு லேசாகச் சாய்ந்தது. எழுத்தின் அகலம் சின்னதுதான் என்பதால் அந்தச் சாய்வில் லேசரின் குவியம் தப்பாது. மினுமினுப்புக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆச்சி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத இம்புட்டுத் துலக்குனதே நாந்தான். ரெண்டு நாளா திருநீறு போட்டுத் தேச்சேன்" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "ஏத்தா, திருநீறப் பூசித் தொடைக்கிறதுக்கு முன்னால தட்டு மங்கலாத்தான இருக்கும்?"

கைப்பையைத் திறந்து திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தார். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, தட்டின் நடுவில் மெல்லிசாகப் பூசினார். அது காய்ந்து வெள்ளைப் படலமாக நின்றது. முத்தழகுக்குக் கை பரபரத்தது. பளிங்கு போல இருந்த தட்டில் இப்படி ஒரு பூச்சு! துடைத்துவிடாமல் இருக்க, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"திருநீறு பூசியாச்சு. இனி அவன் பாத்துக்குவான். அமுக்கு" என்றார் ஆச்சி.

முத்தழகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பெடல்மேல் வைத்த கால் இறங்க மறுத்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

'கீச்' என்ற சத்தம் எழுந்தது. சாம்பலில் பொறி ஓடியது. சத்தம் நிற்கவில்லை. முதல் எழுத்து முடிந்து, இரண்டாவது முடிந்து, மூன்றாவதன் கடைசிச் சுழிவரைக்கும் மிஷின் வாயைத் திறக்கவில்லை. ஆச்சி முந்தானையால் தட்டைத் துடைத்தார். ஊசியால் வரைந்தது மாதிரி விலாசம் விழுந்திருந்தது; முன்பு விழுந்த புள்ளி முதல் எழுத்துக்குள் மறைந்துபோயிருந்தது. முத்தழகு கைதட்டிச் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணிலிருந்தும் கொட்டியது. "பொகைங்க, பொகை" என்று கணவரிடம் சமாளித்தாள்.

எல்லாத் தட்டும் முடிந்த பிறகு அருண்பாண்டியனுக்குச் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்ன பூசினீங்கக்கா? எந்தக் கம்பெனி?"

ஆச்சி போனை வாங்கி, "பழனி" என்றார்.

மறுநாள் காலையில் கண்டனூர் வீட்டின் உள்முற்றமான வளவில் சாமான்கள் வரிசையாகப் பரப்பிக் கிடந்தன. ஆச்சி சொல்லியனுப்பியதால் முத்தழகும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஈஸ்வரனோடு போயிருந்தாள். தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி வெள்ளித் தட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சரசு, எங்க போட்டீக? சென்னையிலயா?"

சரஸ்வதி ஆச்சி முத்தழகின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். "காரைக்குடியில. இவதான் போட்டது."

"அப்படியா! எங்க வீட்டிலயும் தை மாசம் கல்யாணம். கொண்டாரட்டுமா?"

"கொண்டாங்க ஆச்சி. ஆனா ஒண்ணு, வெள்ளியத் துலக்காமக் கொண்டாங்க."

கல்யாண வெள்ளியைத் துலக்காமல் வாசலைத் தாண்டிக் கொண்டுபோவதா? தேவகோட்டை ஆச்சி முகவாயில் கை வைத்துவிட்டார். "இது என்னடியாத்தா கூத்து!"

"அவ சொன்னபடி செய்யுங்க" என்றார் சரஸ்வதி ஆச்சி. "கடை அவளோடது. அங்க அவ வச்சதுதான் சட்டம்."

முத்தழகு அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே தட்டை வாங்கி, விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள். அவள் வாயடைத்து நின்றதை ஈஸ்வரன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.