அரியரெத்தினம் டொக்டரும் மூன்று செம்மறிகளும்

சனிக்கிழமை காலை தோணியால் இறங்கிய பால்காரர்தான் சொன்னார்: "நம்மட மாட்டு டொக்டர் விடியக்காலம மோசம் போயிட்டாராம்." இறந்துபோன அரியரெத்தினம் டொக்டரின் மிருக வைத்தியசாலையில் பதினொரு வருடம் மருந்து கலக்கியவன் நான். கையிலிருந்த போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவரைக் கோபக்காரர் என்று ஊர்க்காரரான உங்களில் சிலர் சொல்வீர்கள். மாட்டை அடித்தால் கோபிப்பார், உண்மைதான். மனிதர் பிழைவிட்டால் கோபிக்க மாட்டார். அது எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

யுத்த காலம், புண்ணாக்குத் தட்டுப்பாடு. சினைச் செம்மறிக்குப் புரதம் வேண்டும், தினமும் ஒரு கைப்பிடி எள்ளுப் புண்ணாக்கு வையுங்கள் என்பார் டொக்டர். அவர் கதிரவெளிக்குப் போயிருந்த ஒரு நாள், வவுணதீவுத் தங்கப்பிள்ளை அக்கா வந்து புண்ணாக்கு எங்கும் இல்லை என்றார். புருஷனை இழந்த அவருக்கு மூன்று சினைச் செம்மறிகள்தான் சீவியம். நானும் பெரிய மேதாவி போல, "வயல் வட்டையில வெட்டின புதுநெல்லு இரிக்குத்தானே அக்கா, அதை வயிறு நிறையக் குடுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் அக்கா அழுதுகொண்டு வந்தார். டொக்டரும் நானும் போய்ப் பார்த்தபோது ஆடுகள் வயிறு ஊதி, அசை போடாமல் கிடந்தன. பக்கத்தில் மிச்ச நெல் சிந்திக் கிடந்தது. "நெல்லுக் குடுக்கச் சொன்னது ஆர்?" என்றார் டொக்டர். அக்கா என்னைப் பார்த்தார். உடனே டொக்டர், "அவர் நான் சொல்லிவெச்சதைத்தான் சொன்னவர். பிழை என்ட" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லிவைக்கவில்லை. நான் ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வயிற்றுப் புளிப்பை முறிக்க அப்பச்சோடாவைக் கரைத்துப் பருக்கினார். பிறகு அயல் வளவில் நின்ற நல்ல செம்மறியின் வாய்க்குள் கையை விட்டு, அது அசைபோட்டுக்கொண்டிருந்த பச்சைக் கவளத்தை எடுத்தார். அக்கா பதறிப்போனார். "அடுத்த வீட்டு எச்சிலையா ஐயா? என்ட ஆட்டுக்கு வாணாம்."

"எச்சில் இல்ல அக்கா, இதுதான் மருந்து. ஆட்டுட முன்வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சனம் கோடிக்கணக்கில இரிக்கு. புல்லையும் வைக்கலையும் தின்னு பெருகிறது அதுகள்தான். பிறகு அதுகளே குடலுக்கு இறங்கிச் செரிச்சு, அமினோ அமிலமா ரத்தத்தில சேருது. குட்டிக்குச் சதையும் தாய்க்குப் பாலும் அதாலதான். நெல்லுப் புளிச்சு அந்தச் சனம் செத்துப்போச்சு. புதுச் சனம் போனாத்தான் ஆடு எழும்பும்."

அக்கா மனமில்லாமல் தலையாட்டினார். கவளத்தைக் கரைத்து மூங்கில் குழலால் பருக்கினோம். இரண்டு பிழைத்தன, பின்னர் குட்டியும் போட்டன. ஒன்று செத்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா டொக்டரைப் பார்த்த பார்வை எனக்கு வரவேண்டியது.

திரும்பும்போது தோணியில் அழுதுவிட்டேன். "ஏன் ஐயா பழியை ஏத்துக்கிட்டீங்க?" வாவித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் ஊரூராத் திரியிறவன். அவசரத்துக்கு அவ உங்களிட்டத்தான் வருவா. உங்களை நம்போணும்."

அவர் நினைத்தபடியே அக்கா என்னிடம்தான் வந்தார். டொக்டரை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவர் சிரித்தபடி ஒதுங்கி வழிவிடுவார். அதைப் பலமுறை பார்த்தும், வெட்கத்தில் நான் உண்மையைச் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்கும் அக்கா வரவில்லை. நேற்றுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த மனிசனிட்ட ஒரு செம்பு தண்ணி வேணுமா எண்டு கேக்காம விட்டுட்டனே தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஊரில் எனக்குள்ள நல்ல பெயர். அது அவருடையது. நெல்லுக் கொடுக்கச் சொன்னவன் நான். அதற்காக அவரை நொந்திருந்தவர்கள் இனி என்னை நோகுங்கள்.