சரசுவோடு தங்கிவிட்ட மரகதம்

போன சனிக்கிழமை, கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நின்றேன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு எப்போதும் பயம். அன்றைக்கு மட்டும் பயத்தை மிஞ்சிக் கோபம் வந்திருந்தது!

சரசு அந்தத் தோட்டத்து ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். தூளி ஆட்டும்போது அவள் மரகதம் என்ற ஒருத்தியோடு பேசுகிறாள் என்று புகார். அதை விசாரிக்கிற இடத்துக்குச் சரசு என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

யார் அந்த மரகதம்? இதே பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையின் நாயகி! கதை முடிந்ததும் என்னை விட்டுப் போய்விட்டாள். சரசுவிடம் தங்கிவிட்டாள்.

"உள்ளே இருந்து பேசுவாங்க அக்கா. நானா நினைச்சுக்கிற பேச்சு இல்லே. நான் சரின்னா, அவங்க வேணாம்பாங்க" என்று சரசு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். மரகதத்துக்குப் பால் விட்ட தேத்தண்ணி பிடிக்காதாம். நான் அப்படி எழுதவே இல்லையே!

ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி மேசையைத் தட்டினார். "பேய் புடிச்சவகிட்ட பிள்ளைய விடலாமா? திங்கக்கிழமையிலிருந்து வேற ஆளு."

"பிள்ளைய மறந்துட்டு எங்கயாச்சும் போயிட்டா?" என்றாள் ஒரு தாய். அவளை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றவள் கேட்கத்தான் செய்வாள்.

ஆனால் பக்கத்தில் நின்ற, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார் பாருங்கள்... "கதை படிச்சுக் கெட்டுப் போச்சு லா இந்தப் பொண்ணு!"

திருவிழாவுக்குத் திருவிழா இவர் மேல்தான் முனியாண்டி இறங்குவார். சுருட்டு கேட்பார். கிராணியே குனிந்து திருநீறு வாங்குவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, உங்க மேல சாமி வந்தா நீங்க எங்கே இருப்பீங்க?"

"நான் ஏது? எல்லாம் அவருதான். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"சரசு, மரகதம் பேசுறப்போ நீ எங்கே இருப்பே?"

"இங்கேதான் அக்கா. தூளிக்கயிறு என் கையிலதான் இருக்கும்."

ஒரே உடம்பில் மூன்று பேர் முறை வைத்து வாழ்கிறோம் என்று எனக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். ஒருவர் முன்னால் வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவாராம். சரசுவின் கதை வேறு. கதையிலிருந்து வந்த ஒரு துணை கூடவே இருக்கிறது. சரசு எங்கும் போகவில்லை. அந்த வாசகர் அனுபவமும் சரசுவின் அனுபவமும் உறவுக்காரர்கள்தான் — ஆனால் ஒன்றல்ல. இதில் பேய் எங்கே வந்தது? மண்டோர் மேல் வந்தால் அருள்... சரசுவோடு பேசினால் பைத்தியமா?

"அது சாமி! இது வெறும் கதை!" என்றார் மண்டோர்.

"இருக்கட்டும் அண்ணே. பிள்ளைய யார்கிட்ட விடலாம்? கயிறைப் புடிச்சிருக்கிறவகிட்டயா, ஞாபகமே இல்லாதவர்கிட்டயா?"

அந்தத் தாய் சரசு பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை என் பிள்ளைய கொண்டாறேன் சரசு. ஆனா அவங்க என்ன பேசுறாங்கன்னு எனக்கும் சொல்லணும்."

வேறு ஆள் பேச்சு அதோடு நின்றது.

வாசல் வரை வந்து சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மரகதம் நன்றி சொல்லச் சொன்னாங்க அக்கா. ஆனா, தொடரோட கடைசி வாரத்துல அவங்களை அந்தக் குடிகாரனுக்கே கட்டி வச்சீங்களே... அதை மட்டும் மன்னிக்க மாட்டாங்களாம்!"