சக்கரம் இல்லாத விமானங்கள்

கோப்பை, ஷீல்டு, பிரிவு உபசாரப் பரிசு என்று அடுத்தவர் பெருமையைச் செய்து விற்பது எங்கள் தொழில். பெருமை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு, அதிர்ச்சி மட்டும் கடைக்காரனுக்கு.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஊரில் விமானப் படை இருந்ததால், மாற்றலாகிப் போகிறவர்களுக்கு மர விமானம் கொடுப்பது வழக்கம். அப்படித்தான் நானும் விமானம் செய்கிறவன் ஆனேன். மரத்தைச் செதுக்குவது என் கூட்டாளி தணிகாசலம். பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது நான். கையால் ஒன்றைச் செய்து முடித்து, வாங்க வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? தையல்காரரோ, பத்தரோ, கல்யாணச் சமையல்காரரோ, நீங்கள் என் கட்சி. உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்லி அழ முடியும்.

ஜன்னல் சீட்டு

அறுபத்தெட்டாம் வருஷம் என்று நினைவு. கோவிலம்பாக்கத்தில் நிலம் நீச்சு உள்ள ஒரு பெரியவர். அவர் மகன் வேலைக்காகச் சிங்கப்பூர் போயிருந்தான். அவன் ஏறிப் போன விமானம் மாதிரியே ஒன்று வேண்டும் என்றார். பெரிய பிரயாணி விமானம். இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலையும் ஊசி முனையளவு பிரஷ்ஷால் போட்டு என் கண்ணே பூத்துப்போய்விட்டது.

பெரியவர் வந்தார். விமானத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனார். முன்னாலிருந்து பின்னால், மறுபடியும் பின்னாலிருந்து முன்னால். எங்கே தப்பு கண்டுபிடித்துவிட்டாரோ என்று நானும் கூடவே எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஏமாந்துபோன முகத்தோடு கேட்டார்:

"இன்னா சார், எம்புள்ள எந்த ஜன்னலாண்ட குந்திகினு கீறான்னு காட்டவே இல்லியே?"

பன்னிரண்டு நேட்

எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டை முடிந்து சில மாதம் கழித்து சார்ஜென்ட் மாசிலாமணி கடைக்கு வந்தார். விமானப் படையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்று, காட்டாங்குளத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சண்டையில் அவரும் கூட்டாளிகளும் வடக்கே ஒரு நேட் விமானத்தைத் தரையில் பராமரித்துவந்தார்கள். ஓர் ஆள் மட்டும் உட்காரும் குட்டிச் சண்டை விமானம் அது. அதே மாதிரி பன்னிரண்டு வேண்டும், பதின்மூன்றாவது எங்கேயும் இருக்கக் கூடாது என்றார். பதினொன்று அவர்களுக்கு. பன்னிரண்டாவது, சேலையூரில் இருக்கும் அவர்களுடைய பைலட்டின் மனைவிக்கு. பைலட் சாமுவேல் அந்த விமானத்தில் போனவர் திரும்பவில்லை. காணவில்லை என்று மட்டும்தான் தகவல்.

நான் அளவு கேட்டேன். படமெல்லாம் கிடையாது என்று சொல்லி, மாசிலாமணி சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்றுகொண்டார். "மூக்கு இங்க, என் தாடைக்கு. இறக்கை நெஞ்சுக்கு. வால், கையைத் தூக்கினாலும் எட்டாது." நான் அவரைச் சுற்றிச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டோம். எங்கள் வழக்கப்படி ஸ்டாண்டில் பறக்கிற மாதிரி வைக்கலாம் என்றேன். சக்கரம் நாங்கள் வைப்பதே இல்லை. செதுக்குவதும் பேஜார், பார்சலில் முதலில் ஒடிவதும் அதுதான். அவரும் சரி என்றார்.

அவருக்கு என்ன வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். விமானம் இறங்கி வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பாராம். பைலட்டும் இவரும் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே "கட்டை வச்சாச்சு சார்" என்று கத்துவாராம். அந்தக் குரல் கேட்டால்தான் சாமுவேல் எஞ்சினை நிறுத்துவாராம். கிளம்பும்போது கட்டையை எடுப்பதும் இவர்தான். மாதங்கள் ஓடிவிட்டன, அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க இவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கையில் இந்த விமானம் இருந்தால் போய்விடுவேன் என்றார். ஏன் இத்தனை பயம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்:

"அன்னிக்குக் கட்டையை எடுத்தவன் நான் சார். வைக்கிறதுக்குத்தான் இன்னும் கூப்பிடலை."

பவுடர் வாசனை

முதல் விமானத்தை நான் உயிரைக் கொடுத்து பாலிஷ் போட்டேன். வெள்ளி நிறம். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். மாசிலாமணி அதைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். சண்டை நேரத்தில் எந்த விமானமாவது இப்படி மின்னுமா, மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் தரையோடு தரையாகத் தெரிய வேண்டாமா என்றார். பச்சையும் மண் நிறமுமாகத் திட்டுத் திட்டாக, துளிக்கூடப் பளபளப்பில்லாமல் அடிக்கச் சொன்னார்.

பளபளப்புக்காகவே பெயிண்டைப் படைத்திருக்கிறார்கள், அதை மங்க வைப்பது எப்படி? என்னென்னவோ கலந்து பார்த்தேன். கடைசியில் என் மனைவியின் முகப் பவுடர்தான் கைகொடுத்தது. ஒரு டப்பாவை அப்படியே பெயிண்டில் கொட்டிக் கலக்கினேன். காய்ந்ததும் பரம சாதுவாக மங்கிப்போயிற்று. டப்பா காலியானதைப் பார்த்த மனைவி அன்று என்னோடு பேசவில்லை. மாசிலாமணி விமானத்தைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். நான் மூச்சு விடுவதற்குள் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"சண்டைக்குப் போற பிளேன்ல மல்லிகைப்பூ வாசனை வருதே சார், மாப்பிள்ளை அழைப்புக்கா போவுது?"

கொசு மருந்து பம்ப்

திட்டுத் திட்டாக வரவேண்டிய பச்சைக்கு பிரஷ் ஒத்துவரவில்லை. கொசு மருந்து அடிக்கிற கைப் பம்பில் பெயிண்டை நிரப்பி அடித்தேன். அருமையாக வந்தது. பம்பைக் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா உரிமையோடு பழகுகிறவர். பம்பைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார், ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு மூலை முடுக்கு விடாமல் அடித்தார். பம்பைக் காணோமென்று நான் அங்கே தலைதெறிக்க ஓடியபோது வெள்ளை அடித்த சுவர், கொடியில் உலர்ந்த வேட்டி, தொட்டிலின் கொசுவலை எல்லாம் சண்டைக்குத் தயாராக இருந்தன. அக்கா மட்டும் பதறவே இல்லை. பம்பை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வேற மருந்து வாங்கு தம்பி. ஒண்ணும் சாவலை, எல்லாம் பச்சையாப் பறந்துகினு கீது."

பொட்டு

பன்னிரண்டும் முடிந்து கடைசிப் பூச்சு காய்ந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. உளி, ரம்பம், கடைசல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் தணிகாசலம் சந்தனம் குங்குமம் வைப்பான். நான் கிறிஸ்தவன், அன்று பொரி கடலை வாங்கித் தருவதோடு என் பங்கு முடியும். பொரிப் பொட்டலத்தோடு கடைக்குள் நுழைந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு விமானத்தின் மூக்கிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஈரப் பெயிண்ட். சந்தனத்தைத் துடைத்தேன், வந்தது. குங்குமம் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டது. தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது.

தணிகாசலத்தைத் திட்டினேன். "சண்டைக்குப் போற வண்டிண்ணா. மொட்டை மூஞ்சியோட அனுப்புவியா?" என்று அவன் என்னைக் கேட்டான். மாசிலாமணி வந்தபோது நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த சமாதானம் அத்தனையும் மறந்துபோயிற்று. அவர் மூக்கைப் பார்த்தார். விரலால் தொட்டார். வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை.

"நிஜ பிளேனுக்கும் வச்சோம் சார். கோணலா வைக்காதேய்யா, நடுவுல வைன்னு பைலட் சார்தான் சொன்னார்."

பன்னிரண்டாவது

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் சேலையூர் போனோம். தனியாகப் போக முடியாது என்று மாசிலாமணி என்னையும் இழுத்துக்கொண்டார். தெரு முழுக்க நட்சத்திரம் தொங்கியது. அந்த ஒரு வீட்டு வாசலில் இல்லை. சாமுவேலின் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. மேஜையில் பரீட்சைத் தாள்களை ஒதுக்கி விமானத்துக்கு இடம் செய்தார். மாசிலாமணி யாரென்று தெரிந்ததும் "அவர் உங்க பேரைச் சொல்லாத லெட்டர் கிடையாது" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

எஸ்தர் மூக்குப் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டாண்டிலிருந்து விமானத்தைக் கழற்றி, குழந்தையைப் புரட்டுவதுபோல மெதுவாகப் புரட்டினார். வயிற்றுப் பக்கம் வழவழவென்று இருந்தது. சக்கரம் எங்கே என்று கேட்டார். பறக்கும்போது உள்ளே போய்விடும், எங்கள் வழக்கமே இதுதான் என்று நான் பெரிய நிபுணன் மாதிரி விளக்கினேன். மாசிலாமணியும் தலை குனிந்தபடி, "கடைசியா நான் பாத்தது சக்கரம் உள்ளே போனதைத்தான் மேடம்" என்றார். எஸ்தர் முகம் மாறிவிட்டது. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தேற்றியிருப்போம். அவர் அழவில்லை. விமானத்தை என் மடியில் வைத்தார். மெல்லத்தான் கேட்டார்:

"இந்தப் பிளேன் ஒரு மணி நேரம்கூடத் தாங்காதுன்னு அவரே சொல்வார். அவர் எப்படியாவது இறங்கணும்னு நான் தினம் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன். நீங்க ஒரு வருஷமா பறக்கவிட்டு வச்சிருக்கீங்களே?"

பொத்தான்

திரும்பி வரும் வழியெல்லாம் மாசிலாமணி விமானத்தை மடியில் கவிழ்த்து அதன் வயிற்றையே தடவிக்கொண்டு வந்தார். சர்வீஸ் முழுக்கச் சக்கரத்தின் காலடியிலேயே கிடந்த மனிதர். அவருக்கும் அது தோன்றவில்லையே என்ற அடி எனக்கும் சேர்த்து விழுந்திருந்தது. கடையில் விஷயத்தைச் சொன்னதும் தணிகாசலம் வயிற்றுப் பக்கம் துளை போட்டான். என் பழைய கோட்டிலிருந்து கறுப்புப் பொத்தான்களை அறுத்தான். சைக்கிள் கம்பியை வெட்டி அச்சாக்கினான். சக்கரம் நிஜமாகவே உருண்டது. எத்தனையோ விமானம் செய்திருக்கிறோம், தரையில் நிற்கிற விமானத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மறுபடியும் சேலையூர். எஸ்தர் விமானத்தை மேஜைமேல் இறக்கி வைத்தார். மேஜை கொஞ்சம் சாய்வு போலிருக்கிறது. விமானம் தானாக உருண்டு விளிம்பைப் பார்த்துக் கிளம்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. நானும் எஸ்தரும் கை நீட்டுவதற்குள் மாசிலாமணி பாய்ந்துவிட்டார். ஒரு கையால் இறக்கையைப் பிடித்து, மறு கையால் மேஜையில் கிடந்த இரண்டு சாக்பீஸ் துண்டுகளை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று செருகினார். விமானம் நின்றது. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டார். மாசிலாமணி நிமிர்ந்தார், குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். ஆள் இல்லாத அந்த விரற்கடை இருக்கையைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"கட்டை வச்சாச்சு சார்!"

பிளேனைப் பறக்க வைக்க ஒரு குச்சி போதும் ஐயா, அதைத் தரையிறக்கி நிறுத்துவதுதான் எங்கள் தொழிலிலேயே பேஜார் பிடித்த வேலை.