ஒரு நூல் இடைவெளி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிரீஸ் டப்பா இருக்கும். நகர்த்தினால் என் நாத்தனாருக்குப் பொறுக்காது. "அண்ணி, அது அங்கேயே இருக்கட்டும்" என்பாள். எனக்கு வரும் பாருங்கள் ஒரு கோபம்! நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. என் விசில் சத்தத்துக்கு மைதானமே கப்சிப். வீட்டில் ஒரு கிரீஸ் டப்பாவை ஜெயிக்க முடியவில்லை.

அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிற வரை தேய்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தால் படகு. ரிமோட்டில் ஓடும் மாடல் படகு, சிவப்பு நிறம், என் கை நீளம்தான் இருக்கும். தண்ணீரில் விட்டால் அப்படிப் பறக்கும்!

ஆனால் ஓட்டுகிற நேரத்தைவிட அதன் தண்டோடு அவள் மல்லுக்கட்டுகிற நேரம்தான் அதிகம். மோட்டாரின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோகிற தண்டு அது. மெல்லிய கம்பி இழைகளை முறுக்கிச் செய்தது, வளையும். ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஓடும்; குழாயின் முனையில், விசிறிக்கு முன்னால், தண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி. குளத்திலிருந்து வந்ததும் அதை உருவி எடுத்து, பழைய பனியன் துணியில் பிடித்து மெதுவாக இழுப்பாள். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கிரீஸ் தடவி, திருகித் திருகி உள்ளே விடுவாள். தட்டில் சாப்பாடு ஆறி அவலாகிக்கொண்டிருக்கும். நான் கத்தினால் ஒரே பதில்தான்.

"ஈரத்தோட விட்டா துருப் பிடிச்சிடும், அண்ணி. துடைச்சிட்டுத்தான் சாப்பாடு."

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், தச்சர். எங்கே இடுக்கைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். எங்கள் வீட்டு அலமாரியிலும் இழுப்பறையிலும் நகம்கூட நுழையாது. அவருக்கு இந்தப் படகு ஆகவே ஆகாது. அவள் அதை வாங்கிவந்த அன்றே, "ஏழு கழுதை வயசாச்சு, இப்ப உனக்குப் பொம்மை கேக்குதா?" என்று கேட்டுவிட்டார். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? "நீ செய்யற கதவு ஒண்ணாவது ஓடுமா?" என்று திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அதுவரை "பாப்பா, பாப்பா" என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர் அன்றோடு நிறுத்திவிட்டார். எல்லாம் என் மூலமாகத்தான். "உன் நாத்தனாரைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். அவள் தண்டை உருவினால் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். நல்ல அண்ணன், நல்ல தங்கை! நடுவில் தபால்காரி வேலை எனக்கு.

இந்த வருடம் பூங்காக் குளத்தில் படகுப் பந்தயம் வைத்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வந்தவள் அடுக்களையில் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஜெயிக்கணும்னுகூட இல்ல, அண்ணி. அண்ணன் ஒரு தடவை வந்து பாக்கணும். அவன் பாக்கறப்ப படகு நிக்காம ஓடணும். நடுவுல நின்னுச்சுன்னா, 'பாத்தியா, பொம்மைதானே'ன்னுட்டுப் போயிடுவான். அப்புறம் நான் செத்தாலும் குளத்துப் பக்கம் வரமாட்டான்."

எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்தேன். "நீங்க வரலேன்னா ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்." வருகிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினார். போதாதா எனக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். படகு வாசலில் தயாராக இருந்தது. டிபன் கேரியரை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பார்த்தால், என் வீட்டுக்காரர் படகு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்! கையில் அவளுடைய சின்ன ஸ்பேனர்கள். விசிறியைத் தொட்டுப் பார்த்தார், எதையோ திருகினார், துணியால் ஒரு துடை துடைத்தார். எனக்கு விசிலை எடுத்து ஊதலாம் போல இருந்தது. ஊரே வாயாடி என்று சொல்கிற நான், வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே திரும்பினேன். நல்ல நேரம் பார்த்தேன் வாயைப் பொத்த!

குளக்கரையில் நல்ல கூட்டம். மொத்தம் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் எப்படியாவது கரை சேர்ந்தால்தான் இரண்டாவதில் நிற்கலாம். கொடி இறங்கியதும் சிவப்புப் படகு சீறிக்கொண்டு கிளம்பியது பாருங்கள், என்னையும் மீறி விசிலை ஊதிவிட்டேன். நடுவர் திரும்பி முறைத்தார். "அம்மா, உங்க விசிலைக் கேட்டு எல்லாரும் படகை நிறுத்திடப் போறாங்க!"

முதல் வளைவில் அவள்தான் முன்னால். இரண்டாவது வளைவில் கீச்சென்று ஒரு சத்தம். நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். எல்லாப் படகுகளும் தாண்டிப் போக, எங்கள் படகு ஊர்ந்து ஊர்ந்து கடைசியாகக் கரைக்கு வந்தது. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் படகைக் கவிழ்த்துப் பார்த்தாள். "ஐயோ, இங்க இடைவெளியே இல்லையே! விசிறி தாங்கியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. வாஷர் கருகிப்போச்சு. நான் இடம் விட்டுத்தான் மாட்டினேன், அண்ணி! சத்தியமா விட்டேன்!"

காலையில் வாசலில் பார்த்தது ஞாபகம் வந்தது. மெல்ல வீட்டுக்காரரைப் பார்த்தேன். கட்டியிருந்த கையை இறக்கினார்.

"நான்தான் மூடினேன்" என்றார். "பின்னாடி இடுக்கு தெரிஞ்சுது. அவசரத்துல நீ சரியாத் தள்ளலையோன்னு நெனச்சேன். இத்தனை பேரு பாக்க ஓடப் போகுது. குறையா இருக்கலாமா?"

இன்றைக்கு இரண்டில் ஒன்று என்று நினைத்தேன். அவள் அவரையே பார்த்தாள்.

"நீ என் படகைத் தொட்டியா, அண்ணா?"

"தொட்டேன். தப்புதான்."

"சொல்லிட்டுத் தொடக் கூடாதா!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்டை உருவினாள். "வேகமாச் சுத்தும்போது இது முறுக்கேறும். முறுக்கேறினா நீளம் குறையும். அப்ப விசிறியை உள்ள இழுக்கும். இடம் விடலேன்னா தாங்கியில போய் உரசும்."

"கம்பியா குறையும்?" அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். "மழைக்கு மரம் உப்பும், அதுக்காகக் கதவுல நானே இடம் விடுவேன். இரும்புக்கு என்னன்னு நெனச்சுட்டேனே! எவ்வளவு விடணும்?"

அவள் விரல்களை இடுக்கிக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு நூல்" என்றார். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அவள் தண்டைத் துணியில் இழுத்துப் பார்த்தாள். நல்ல காலம், ஓர் இழையும் அறுபடவில்லை. புது வாஷர் போட்டு, கிரீஸ் தடவி உள்ளே விட்டாள். பிறகு ஸ்பேனர்களை அவரிடம் நீட்டினாள். "நீயே வை."

அவர் வைத்தார். எந்த மாளிகைக் கதவுக்கும் அவர் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

இரண்டாவது ஓட்டம். கொடி இறங்கியது. முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கீச்சென்று சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் பக்கத்தில் ஓர் அலறல்.

"பாப்பா! விடாத! இன்னும் வேகம், பாப்பா!"

கண்ணைத் திறந்தால் என் வீட்டுக்காரர் செருப்போடு தண்ணீருக்குள் நிற்கிறார்! அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் படகு போச்சு. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு படகைத் தாண்டினாள், இன்னொன்றைத் தாண்டினாள், முன்னால் இருந்த மஞ்சள் படகை மட்டும் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது! நிற்காமல், திணறாமல், இரண்டாவது! நான் ஊதிய ஊதலில் நடுவர் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தட்டுமே!

கூட்டம் கலைந்ததும் புல்தரையில் விரிப்பைப் போட்டுத் தட்டுகளை வைத்தேன். "வாங்க ரெண்டு பேரும், பசி உயிர் போகுது." அவள் வந்து உட்கார்ந்தாள். இவரைக் காணோம். திரும்பினால், சற்றுத் தள்ளி, மடியில் படகை வைத்துக்கொண்டு தண்டை உருவிக்கொண்டிருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் கிரீஸ்.

"என்னங்க, சாப்பிட்டுட்டுச் செய்யக் கூடாதா?"

"ஈரத்தோட விட்டா துருப் பிடிச்சிடும்" என்றார், தலை நிமிராமல். "துடைச்சிட்டுத்தான் சாப்பாடு."

அடப்பாவி மனுஷா! அடுத்த அறையில் தட்டோடு உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்களா! அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.